காசோலை வந்தது, பணம் வந்ததா?

நெய்த துணியையும் விளைந்த பண்டத்தையும் சந்தைக்குச் சுமந்து சென்றுதான் விற்கவேண்டும் என்ற நிலை இன்று இல்லை. சென்னிமலையில் படுக்கை விரிப்பு நெய்தவர், அதனைத் தம் கைப்பேசியிலேயே படம் பிடித்து வெளியிடுகிறார். வடநாட்டு நகரம் ஒன்றிலிருந்து ஆர்டர் வருகிறது. ஈரோட்டு மஞ்சளைப் பயிரிட்டவரும் தரகரின் துணையின்றி அதனைத் தொலைவிலுள்ளவருக்கு விற்கிறார். உற்பத்தி செய்வோருக்கும் உபயோகிப்போருக்கும் நேர்த்தொடர்பு ஏற்படவேண்டும் என்பது கூட்டுறவு இயக்கத்தின் நெடுநாளைய விருப்பம். ஆகவே இம்மாறுதலை நாம் வரவேற்கவே வேண்டும்.

எனினும், வாங்குபவரின் முகத்தைப் பாராமல் செய்யும் வியாபாரத்தில் ஓர் அபாயமும் உண்டு. “கையிலே காசு, வாயிலே தோசை” என்பது சந்தை வழக்கம். இணைய வழி விற்பனையிலோ, காசுக்கு முன்னதாகக் காசு வந்துவிட்டதாகக் கூறும் ஒரு தாளோ, ஒரு செய்தியோதான் வந்து சேருகிறது. அதனையே பணமென்று நம்பினால் விளையும் நஷ்டத்தையும், அந்நஷ்டத்தைத் தவிர்க்கும் வழிகளையும் நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பது அவசியமாகிறது.

மோசடி நடைபெறும் விதம்

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். நெசவாளர் அம்மையார் ஒருவருக்கு, விரிப்பு ஒன்று 650 ரூபாய் வீதம் 40 விரிப்புகளுக்கு ஆர்டர் வருகிறது எனக் கொள்வோம். கிரயம் 26,000 ரூபாய். வாங்குபவர் விலையைக் குறைக்கும்படி கேட்பதில்லை. நூலின் தரத்தையோ சாயத்தையோ விசாரிப்பதும் இல்லை. அம்மையாரின் பாங்குக் கணக்கு எண்ணை மட்டும் கேட்டுப் பெறுகிறார். வெள்ளிக்கிழமை மாலையில், அக்கணக்கில் காசோலை செலுத்திவிட்டதாகக் கூறி, முத்திரையிட்ட அடிச்சீட்டின் படத்தை அனுப்புகிறார். 62,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டதாக ஒரு குறுஞ்செய்தியும் வருகிறது. சிறிது நேரத்தில் அவரே பதறிக்கொண்டு அழைக்கிறார்: “அம்மா, எங்கள் குமாஸ்தா 26 என்பதை 62 என்று எழுதிவிட்டான். மிகுதி 36,000 ரூபாயை இன்றே இந்த எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்திருந்த பணம்.”

பிறர் பணத்தை ஒரு நாளும் தம்மிடம் வைத்திருக்க விரும்பாதவர் அந்த அம்மையார். அன்றிரவே அனுப்பிவிடுகிறார். மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, பாங்குக்கு விடுமுறை. அதற்கடுத்த நாள் ஞாயிறு. திங்கட்கிழமை காசோலை திரும்பி வருகிறது. அது எவருடைய கணக்கிலிருந்தோ திருடப்பட்ட தாள், கையொப்பம் போலி. குறுஞ்செய்தி பாங்கிலிருந்து வந்ததன்று. அந்த மனிதரே தயாரித்து அனுப்பியது. இத்தனை வரவு செலவுகளில் உண்மையான பணம் ஒன்றே ஒன்றுதான். அது அம்மையார் அனுப்பிய 36,000 ரூபாய்.

நூலும் சாயமும் பிற செலவுகளும் போக விரிப்பு ஒன்றுக்கு 100 ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், இத்தொகையை ஈடுசெய்ய அவர் 360 விரிப்புகள் நெய்தாக வேண்டும். சரக்கும் இதற்குள் லாரி ஏறியிருந்தால், 26,000 ரூபாய் பெறுமானமுள்ள விரிப்புகளும் போயின. ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு ஒரே இரவில் அழிந்துவிடுகிறது.

இவ்வாறு ஏமாந்தவரைப் பார்த்து “பேராசை பெருநஷ்டம்” என்று கூறுவோர் உண்டு. அது நியாயமன்று. பேராசை கொண்டவராயின் மிகுதிப் பணத்தைத் தாமே வைத்துக்கொண்டிருப்பார். திருப்பித் தரவேண்டும் என்று எண்ணியதாலேயே அவர் ஏமாந்தார். நாணயமுள்ளவரைத் தேடிப் பிடிக்கும் மோசடி இது. ஆகவே நாணயத்தோடு நிதானமும் சேர்ந்திருத்தல் வேண்டும்.

இடைவெளியே மோசக்காரரின் முதல்

இத்தந்திரம் அமெரிக்க நாட்டில் பெரிதும் பரவியுள்ளது. அங்கே 1987-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, கணக்கில் செலுத்தப்பட்ட காசோலையின் தொகையைச் சில வேலை நாட்களுக்குள் வாடிக்கையாளர் எடுத்துக்கொள்ளப் பாங்குகள் அனுமதிக்கவேண்டும் என்று விதித்தது. மக்கள் தம் பணத்துக்காக வீணே காத்திருக்கலாகாது என்பதே அதன் நோக்கம். ஆனால் காசோலை போலியானது என்பது வெளிப்பட வாரக்கணக்கில் ஆவதும் உண்டு. அதற்குள் எடுத்துச் செலவிட்ட தொகையை வாடிக்கையாளரே பாங்குக்குத் திருப்பிக் கட்ட நேரிடுகிறது. பணம் எடுக்கக் கிடைப்பதற்கும், அது உண்மையில் வசூலாவதற்கும் இடையிலுள்ள நாட்களில்தான் மோசக்காரர் தம் வேலையை முடித்துக்கொள்கின்றனர்.

நம் நாட்டில் பாங்குகள் பொதுவாகக் காசோலை வசூலான பிறகே பணம் எடுக்க அனுமதிக்கின்றன. காசோலைத் தாள் ஊர் ஊராகப் பயணம் செய்யும் வழக்கமும் மாறிவிட்டது. தாளின் பிம்பத்தை மட்டும் மின்வழியே அனுப்பும் முறை 2011-ல் சென்னையில் தொடங்கப்பெற்றது. 2025 அக்டோபர் 4-ஆம் தேதி முதல், காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை அனுப்பப்படும் காசோலைகளுக்கு, பணம் தரவேண்டிய பாங்கு அன்று மாலை 7 மணிக்குள் பதில் தரவேண்டும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ஆகவே நேர்மையான வியாபாரத்தில் நாம் காத்திருக்கவேண்டிய காலம் மிகச் சொற்பமே.

இங்கே இடைவெளி குறுகியதாயிருப்பதால் மோசக்காரர் அவசரத்தை உண்டாக்குகின்றனர். மாலை நேரத்தையும் விடுமுறைக்கு முந்திய நாளையும் தேர்ந்துகொள்கின்றனர். “செலுத்தப்பட்டது” என்பதையும் “வசூலானது” என்பதையும் ஒன்றெனக் காட்ட முயல்கின்றனர். இவ்விரண்டும் வெவ்வேறு. அடிச்சீட்டில் உள்ள முத்திரை, ஒரு தாள் பெறப்பட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. அத்தாளுக்குப் பணம் உண்டா என்பதை அது கூறாது. ஆதலால் பாங்கில் விசாரிக்கும்போது, “காசோலை வந்துவிட்டதா?” என்று கேட்டால் போதாது. “காசோலை வசூலாகிவிட்டதா? இத்தொகையை இப்போது நான் எடுக்கலாமா?” என்று கேட்கவேண்டும். டிராப்டு என்றாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். டிராப்டுத் தாளையும் போலியாக அச்சிடுவோர் உளர். அத்தாளில் அச்சிட்டுள்ள தொலைபேசி எண்ணுக்கே பேசி உறுதி செய்துகொள்வதில் பயனில்லை. நம் பாங்கின் மூலமாகவே விசாரித்தல் வேண்டும்.

கைப்பேசிப் பணத்திலும் இதே நாடகம்

2016-ல் தொடங்கப்பெற்ற யு.பி.ஐ. முறையில் பணம் நொடிப்பொழுதில் வந்து சேருகிறது. இங்கே காசோலையின் இடத்தைப் போலிப் படம் பிடித்துக்கொள்கிறது. பணம் அனுப்பியாகிவிட்டதாகக் காட்டும் படத்தை எவரும் தயாரித்துவிடலாம். படத்தைப் பார்த்துச் சரக்கை அனுப்பலாகாது. நம் கணக்கின் வரவைத் திறந்து பார்த்தே அனுப்பவேண்டும்.

மற்றொரு தந்திரமும் உண்டு. “முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் இரகசிய எண்ணை இடுங்கள்” என்பர். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. அவ்வெண்ணை இட்ட மாத்திரத்தில் நம் பணம் பிறரிடம் சென்றுவிடும். தனி நபர் ஒருவர் மற்றொருவரிடம் யு.பி.ஐ. மூலம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. எனினும் கோடை ஸ்கேன் செய்யச் சொல்லும் வழி மூடப்படவில்லை என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

வாங்கும்போதும் எச்சரிக்கை தேவை. பழைய மோட்டார் பம்பு, விதை, நூல் முதலியவற்றைச் சந்தை விலையினும் மிகக் குறைவாகத் தருவதாகக் கூறி, பாதித் தொகையை முன்கூட்டியே கேட்பவரிடம், பொருளைக் கண்ணால் கண்ட பின்னரே பணம் தரவேண்டும். எக்காரணத்தாலும் தொகை எழுதாத காசோலையில் கையொப்பமிட்டுத் தரலாகாது. சங்கங்கள் 50,000 ரூபாயும் அதற்கு மேலும் எழுதும் காசோலைகளின் விவரங்களை முன்னதாகவே பாங்குக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. இதனைப் பயன்படுத்தினால், நம் காசோலையில் எவரும் தொகையையோ பெயரையோ திருத்தி ஏமாற்றுவது கடினமாகும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

ஆர்டர் பதிவேட்டில் நான்கு கட்டங்கள் வரையும்படி காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம். ஆர்டர் வந்த தேதி, காசோலை செலுத்திய தேதி, வசூலான தேதி, சரக்கு அனுப்பிய தேதி என்பன அவை. மூன்றாம் கட்டம் நிரம்பாமல் நான்காம் கட்டம் நிரம்பலாகாது. பதிவேடுகளைப் பார்வையிட வரும்போது நாம் முதலில் நோக்குவதும் இவ்விரு தேதிகளையே. பாஸ் புத்தகத்தை ஒருவர் பார்த்து எழுத, மற்றொருவர் ஒப்பிட்டுக் கையொப்பமிடட்டும்.

மிகுதிப் பணம் பற்றியும் நிர்வாகக் குழுவில் தீர்மானம் ஒன்று நிறைவேற்றி வைத்துக்கொள்ளலாம். ஆர்டர் தொகைக்கு மேற்பட்ட காசோலையை ஏற்பதில்லை. தவறி வந்தால் அதனைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சரியான தொகைக்குப் புதிய காசோலை கேட்பது. மிகுதியை எவருக்கும் ரொக்கமாகவோ கைப்பேசி மூலமாகவோ தருவதில்லை. இவ்வளவே போதும். அவசரப்படுத்துபவரிடம் “சங்கத்தின் விதி இது” என்று சொல்லிவிடலாம். தனித்து விற்கும் அங்கத்தினரும் அவ்வாறே சொல்லலாம். உண்மையாக வாங்க வந்தவர் இரண்டு நாள் பொறுத்திருப்பார். பொறுக்க மாட்டாதவரின் வியாபாரம் நமக்கு வேண்டியதில்லை.

ஏமாந்துவிட்டால்

முதற்காரியம், 1930 என்ற எண்ணுக்கு உடனே தொலைபேசியில் புகார் செய்வதாகும். இணைய வழிப் பண மோசடிகளுக்கென்றே மத்திய அரசு ஏற்படுத்தியுள்ள எண் இது. போன பணம் வேறு கணக்கில் இருக்கும்போதே புகார் சென்றால் அதனைத் தடுத்து நிறுத்த இடமுண்டு. எடுத்துச் சென்றுவிட்டால் மீட்பது அரிது. அடுத்து, நம் பாங்குக்குத் தெரிவிக்கவேண்டும். காசோலையுடன் வந்த பாங்குக் குறிப்பு, குறுஞ்செய்திகள், பேசிய எண்கள் ஆகிய எதையும் அழித்துவிடாமல் போலீஸாரிடம் தரவேண்டும்.

தெரிந்த வியாபாரி தம் சொந்தக் கணக்கிலிருந்து தந்த காசோலை பணமின்றித் திரும்பினால், அதற்கு வழி வேறு. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின்படி, பாங்கு தெரிவித்த 30 நாட்களுக்குள் அவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பவேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தராவிடில், அதற்குப் பின் ஒரு மாதத்திற்குள் கோர்ட்டில் வழக்குத் தொடரலாம். இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையில் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு. தேதிகளைத் தவறவிட்டவருக்கு இவ்வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். ஆகவே திரும்பிய காசோலையை மேஜை அறையில் போட்டுவைத்திருக்கலாகாது.

இவை அனைத்தினும் பெரிய தடை வெட்கமே. ஏமாந்தவர் வீட்டாரிடமும் சொல்லாமல் மறைக்கிறார். புகார் செய்யவேண்டிய நேரம் கடந்துவிடுகிறது. அதே மனிதர் அடுத்த தெருவிலுள்ள நெசவாளரிடமும் அதே 26-ஐ 62 ஆக்கிக் காட்டுகிறார். சங்கத்தில் ஒருவர் வாய் திறந்தால் மற்ற அங்கத்தினர் அனைவரும் காப்பாற்றப்படுவர்.

1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த காலத்தில், படிக்கத் தெரியாத குடியானவர் லேவாதேவிக்காரர் நீட்டிய பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு நிலத்தை இழந்துகொண்டிருந்தார். தமக்கு விளங்காத ஒரு தாளின் முன் அவர் தனியே நிற்கலாகாது என்பதற்காகவும் சங்கங்கள் எழுந்தன. இன்று தாள் கைப்பேசித் திரையாக மாறியுள்ளது. சந்தேகமான காசோலையோ செய்தியோ வந்தால், பணம் அனுப்புவதற்கு முன் சங்கத்திற்கு வந்து ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்க வருபவரைக் காக்க வைக்காமல் விவரம் சொல்வது காரியதரிசிகளின் கடமையாகும்.