அரை ஓம் செய்யும் வேலை

எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு உடுமலையில் என் வைண்டிங் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வோல்டேஜ் மேலேதான் பழியைப் போடுவார்கள். “லைன்ல வோல்டேஜ் சரியில்லீங்க, அதான் காயில் போயிருச்சு.” பாதி சரி. ஆனால் காயிலைக் கறுக்க வைப்பது கரண்ட். எவ்வளவு கரண்ட் ஓடும் என்பதில் வோல்டேஜுக்கு இருக்கிற அதே பங்கு தடைக்கும் உண்டு. அதை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு இதை அயர்ன் பாக்ஸை வைத்துத்தான் காட்டுவேன். குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பி வைத்து, பிளக்கின் இரண்டு பின்னிலும் மல்டிமீட்டரை வைத்தால் ஆயிரம் வாட்ஸ் பெட்டி சுமார் 53 ஓம்ஸ் காட்டும். வீட்டு லைன் 230 வோல்ட். 230-ஐ 53-ஆல் வகுத்தால் நாலே கால் ஆம்ப்ஸுக்குச் சற்று மேல். பெட்டியை மாட்டி கிளாம்ப் மீட்டரைப் போட்டால் அதே எண் வரும். வோல்டேஜை ஓம்ஸால் வகுத்தால் ஆம்ப்ஸ். வோல்டேஜையும் ஆம்ப்ஸையும் பெருக்கினால் வாட்ஸ். சாயங்காலம் லைன் 180-க்கு இறங்கும்போது இதே பெட்டி 3.4 ஆம்ப்ஸ்தான் இழுக்கும், அறுநூறு வாட்ஸ் சூடுதான் தரும். சட்டைச் சுருக்கம் போகாததற்குக் காரணம் அதுதான்.

பாடப்புத்தகத்தில் இதற்குத் தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் உதாரணம் சொல்வார்கள். எனக்கு அது பாதிவரைதான் ஒத்துவருகிறது. குழாய் அறுந்தால் தண்ணீர் கொட்டும். ஒயர் அறுந்தால் கரண்ட் நின்றுவிடும்.

வோல்டேஜை ஓம்ஸால் வகுக்கும் கணக்கைக் கண்டுசொன்ன கியார்க் ஓம், ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அந்தக் காலத்து பேட்டரியில் ஒரு தொல்லை: அளந்துகொண்டிருக்கும்போதே அதன் வேகம் குறைந்துகொண்டு போகும். ஆகவே 1826-இல் அவர் பேட்டரியை ஒதுக்கிவிட்டு, பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு இணைப்பைக் கொதிக்கும் தண்ணீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். சூட்டு வித்தியாசம் மாறாது, அதனால் வோல்டேஜும் மாறாது. பிறகு வெவ்வேறு நீளச் செம்புக் கம்பிகளை மாட்டி, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார். அடுத்த வருஷம் புத்தகமாகப் போட்டார். சொந்த நாட்டில் பெரிய வரவேற்பு இல்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. சூத்திரத்தைவிட அந்தப் பனிக்கட்டி யோசனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆடுகிற லைனில் அளவெடுத்துப் பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கம்பி நீளமானால் தடை கூடும், தடிமனானால் குறையும். இதை மறந்து தோட்டத்துக்கு ஒயர் இழுப்பவர்களால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. மீட்டர் பெட்டியிலிருந்து கிணறு 150 மீட்டர் என்றால், போக வர ஒயர் 300 மீட்டர். விலை குறைவு என்று ஒரு ஸ்கொயர் (ஒரு சதுர மில்லிமீட்டர்) ஒயரைப் போட்டால் அதன் தடை மட்டுமே ஐந்தரை ஓம்ஸுக்குப் பக்கம். ஒரு ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஏழு ஆம்ப்ஸ் இழுக்கிறது என்று வையுங்கள். 38 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதே இடத்தில் நாலு ஸ்கொயர் ஒயர் என்றால் போவது பத்து வோல்ட்தான்.

ஸ்டார்ட் ஆகும் நேரம் இன்னும் மோசம். மோட்டார் காயிலை மீட்டரில் பார்த்தால் சில ஓம்ஸ்தான் காட்டும். அப்படியும் ஓடும்போது ஏழு ஆம்ப்ஸோடு அடங்குவது, சுற்றுகிற மோட்டார் தனக்குள் ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கிக்கொள்வதால். நிற்கிற மோட்டாருக்கு அந்தத் துணை இல்லை. ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும். மெல்லிய ஒயரில் கிட்டத்தட்ட பாதி வோல்டேஜ் அப்போதே தின்னப்படும். மோட்டார் உறுமும், சுற்றாது. ஏழு ஓட வேண்டிய காயிலில் இருபது ஆம்ப்ஸ் நின்று ஓடினால் வார்னிஷ் வாசம் கிளம்ப அதிக நேரம் ஆகாது. வோல்டேஜ் குறைந்ததால் கரண்ட் கூடிப்போன கதை இது.

வீட்டுக்குள் பார்த்தால் கீசர் பிளக். இரண்டாயிரம் வாட்ஸ் கீசர் 8.7 ஆம்ப்ஸ் இழுக்கும். சாக்கெட்டில் ஒரு ஸ்க்ரூ லூஸாகி, அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கரண்டை கரண்டாலேயே பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் அங்கே உண்டாகும் சூடு: 38 வாட்ஸ். கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். கரண்ட் கூடினால் லைனைத் துண்டிக்கும் எம்.சி.பி. காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். தடை கூடியதால் மொத்தக் கரண்ட் கொஞ்சம் குறைந்துதான் இருக்கும். அது ட்ரிப் ஆக முகாந்திரமே இல்லை. பிளக் பழுப்பாகிவிட்டது என்று பிளக்கை மட்டும் மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது சாக்கெட்டையும் சேர்த்துத்தான்.

தடை ஆளைக் காப்பாற்றும் இடமும் உண்டு. டெஸ்டரை லைனில் வைத்து, அதன் தலையை விரலால் தொட்டால் கரண்ட் நம் உடம்பு வழியாகத்தான் போகிறது. உள்ளே இருக்கும் குட்டி ரெசிஸ்டர் பெரும்பாலும் பத்து லட்சம் ஓம்ஸ் அளவில் இருப்பதால், போவது ஒரு மில்லி ஆம்பில் கால் பங்குகூட இல்லை. ஈரக் கையோடு நேராக ஒயரைத் தொட்டால், உடம்பின் தடை ஆயிரம் ஓம்ஸ் என்றே வைத்தாலும், 230 மில்லி ஆம்ப்ஸ். ஆளைக் காக்க மாட்டும் ஆர்.சி.சி.பி. 30-க்கே லைனைத் துண்டித்துவிடும்.

சிலர் டெஸ்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது அந்த ரெசிஸ்டரைத் தொலைத்துவிட்டு, ஸ்பிரிங்கை இழுத்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். அந்த டெஸ்டரைத் தொடவே தொடாதீர்கள். பழைய டெஸ்டர் கைக்கு வந்தால் முதலில் திறந்து பாருங்கள். பழுப்பு, கறுப்பு, பச்சை என்று கோடு போட்ட ரெசிஸ்டர் உள்ளே இருந்தால் அது பத்து லட்சம் ஓம்ஸ்.