ஒரே கேமரா, இரண்டு லென்ஸ்: ஆட்டோ போகஸும் மேனுவல் போகஸும் சேர்ந்தால்...

கேமராவின் மூன்று அங்குலத் திரையில் எல்லா வீடியோவும் பளிச்சென்றுதான் தெரியும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் மானிட்டரில் போட்டுப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். மண்டபத்தூர் கடற்கரையில் எனக்கு நேர்ந்ததும் இதுதான்.

காரைக்கால் பகுதிக் கரைகளில் 2004 சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள்தான் அதிகம். என் மாமா இன்னும் ஒரு கட்டுமரம் வைத்திருக்கிறார். மரங்களை அவிழ்த்துக் காய வைத்து, மறுபடி கயிறு போட்டுக் கட்டுவார். "இந்த வருஷத்தோட சரி மாப்ளே, முதுகு தாங்கலை" என்று சொன்னதும், கட்டும் முறையை முழுக்க வீடியோ எடுத்து வைத்துவிட நினைத்தேன். அதிகாலையில் போய் ஒரு மணி நேரம் எடுத்தேன். அன்று மாலை அவரையே கூப்பிட்டு மானிட்டரில் போட்டுக் காட்டினேன். "கயிறு எங்கடா தெரியுது? அந்தப் பய மூஞ்சிதான் தெரியுது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். மாமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்தே வேலை செய்தார். அவர் முகம் கேமராவுக்குத் தெரியவில்லை. பின்னால் ஒரு சிறுவன் முறுக்கு தின்றபடி நின்றான். முகத்தைத் தேடிப் பிடிக்கும் வசதி ஆன் செய்யப்பட்டிருந்ததால், கேமரா ஒவ்வொரு முறையும் அவன் முகத்துக்கே தாவியது. அவன் நகர்ந்த பிறகு அலையின் மினுமினுப்புக்குத் தாவியது. முடிச்சு விழும் நேரமெல்லாம் கை மங்கல்!

ஆட்டோ போகஸே வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. அலையைத் தாண்டி நம்மை நோக்கி வரும் படகைக் கையால் போகஸ் செய்து தொடர்வது புதியவர்களால் ஆகாத காரியம். சினிமாவில் இதற்கென்றே போகஸ் புல்லர் என்று தனி ஆள் உண்டு. 2012-ல் வெளியான 'வழக்கு எண் 18/9' படம் கேனான் 7டி என்ற ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்டது. 2009-ல் வந்த அந்தக் கேமராவில் வீடியோ ஓடும்போது தானாகத் தொடர்ந்து போகஸ் செய்யும் வசதியே கிடையாது. இன்று நம் கையில் அந்த வசதி இருக்கிறது. எங்கே அதை நிறுத்த வேண்டும் என்பதுதான் கேள்வி.

என்னிடம் இருப்பது கேனான் ஆர்எப் மவுண்ட் கொண்ட சிறிய மிரர்லெஸ் கேமரா. இதில் இரண்டு பழைய லென்ஸ்களை அடாப்டர் போட்டு மாட்டுகிறேன். ஒன்று, டிஎஸ்எல்ஆர் காலத்து இஎப் 50 மி.மீ. எப்/1.8 எஸ்டிஎம். இன்னொன்று, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா (எங்கள் பக்கத்தில் 'சொல்தா' என்போம்) கொண்டு வந்த பென்டாக்ஸ் டாகுமார் 55 மி.மீ. எப்/1.8. இது 42 மி.மீ. விட்டமுள்ள திருகில் மாட்டும் லென்ஸ். எம்42 என்பார்கள். இதில் மின் இணைப்பு எதுவும் இல்லை.

அடாப்டர் எப்படி வேலை செய்கிறது? ஒவ்வொரு மவுண்டுக்கும் லென்ஸின் பின்பக்கத்திலிருந்து சென்சார் வரை ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. இஎப்-க்கு 44 மி.மீ., எம்42-க்கு 45.46 மி.மீ., ஆர்எப் மவுண்டுக்கு 20 மி.மீ. ஆக, இஎப் லென்ஸை ஆர் கேமராவில் மாட்ட 24 மி.மீ. நீளக் குழாய் போதும். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லை, மின் தொடர்பு மட்டும் கடத்தப்படுகிறது. எனவே ஆட்டோ போகஸ் அப்படியே வேலை செய்யும். எம்42-க்கு 25.46 மி.மீ. வேண்டும். 1.46 மி.மீ. வளையம் ஒன்றைப் போட்டால் அதே இஎப் அடாப்டரிலேயே டாகுமாரும் உட்கார்ந்துவிடும். கணக்கு சரியாக வருகிறதா? நான் முதலில் வாங்கிய மலிவு வளையம் கொஞ்சம் தடிமன். அதனால் தூரத்துப் படகு எதுவும் போகஸ் ஆகவில்லை. வாங்கியவுடன் தொலைவில் உள்ள கோபுரத்தையோ செல்போன் டவரையோ போகஸ் செய்து பாருங்கள். தெளிவாக வராவிட்டால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு லென்ஸிலும் போகஸ் வளையம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எஸ்டிஎம் லென்ஸில் வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நீங்கள் திருப்புவது மோட்டாருக்குப் போகும் ஓர் உத்தரவு மட்டுமே. வளையம் முடிவில்லாமல் சுற்றும், தூர அளவுகளும் இல்லை. டாகுமாரில் இரு முனையிலும் வளையம் டக்கென்று நிற்கும், நடுவே அரைச் சுற்றுக்கும் மேல் திரும்பும். அதனால் லென்ஸ் மேல் சின்ன டேப் ஒட்டிக் குறி வைக்கலாம். மாமாவின் கை ஒரு குறி, மரத்தின் மறுமுனை இன்னொரு குறி. நூறு முறை திருப்பினாலும் அதே இடத்துக்கு வரும்.

இரண்டாம் முறை இப்படி எடுத்தேன். படகு கரைக்கு வருவது, மாமா மரத்தைத் தோளில் சுமந்து நடப்பது எல்லாம் எஸ்டிஎம் லென்ஸில் ஆட்டோ போகஸ். முகம் தேடும் வசதியை ஆப் செய்துவிட்டு, திரையின் நடுவில் ஒரு சிறு கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்தேன். மெனுவில் மூவி சர்வோ ஏஎப் வேகத்தைக் குறைத்தேன். போகஸ் திடீரென்று தாவாமல் மெதுவாக மாறும். இந்த மெதுவான மாற்றம் 2009-க்குப் பிறகு வந்த யுஎஸ்எம், எஸ்டிஎம் லென்ஸ்களில்தான் கிடைக்கும்.

ஆட்டோ போகஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே வளையத்தைத் திருப்பிப் பலன் இல்லை. நீங்கள் ஒரு பக்கம் இழுத்தால் கேமரா தான் நினைத்த இடத்துக்கே திரும்பிவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. பட்டன்களை மாற்றி அமைக்கும் மெனுவில், மூவி சர்வோ ஏஎப்-ஐத் தற்காலிகமாக நிறுத்தும் வேலையை ஒரு பட்டனுக்குக் கொடுத்துவிடுங்கள். கேமராவே மாமாவைப் பிடிக்கட்டும், பிடித்ததும் பட்டனைத் தட்டிப் பூட்டுங்கள். பிறகு யார் குறுக்கே போனாலும் போகஸ் அசையாது. இரண்டு முறைகளும் கைகோப்பது இந்த இடத்தில்தான்.

கயிறு கட்டும் நெருக்கக் காட்சிகள் முழுவதும் டாகுமார். இதில் ஏ, எம் என்று சிறு சுவிட்ச் இருக்கும். அடாப்டரில் அதை எம்-ல் வையுங்கள். ஏ-யில் இருந்தால் நீங்கள் என்ன எண் வைத்தாலும் துளை முழுதாகத் திறந்தே இருந்துவிடும். என் கேமரா சென்சாரில் 55 மி.மீ. லென்ஸை எப்/1.8-ல் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் 2 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். விரல் தெளிந்தால் முடிச்சு மங்கும். எப்/5.6 வைத்தால் சுமார் 7 செ.மீ. கிடைக்கும். வெயில் ஏறிவிட்டால் என்டி பில்டர் தேவைப்படும். போகஸ் பீக்கிங் ஆன் செய்தால் தெளிவான ஓரங்கள் சிவப்பாக மின்னும். ஆனால் கயிற்றின் நார்கள் போகஸ் கொஞ்சம் தவறினாலும் மின்னி ஏமாற்றும். ரெக்கார்டிங்குக்கு முன் படத்தைப் பெரிதாக்கி ஒரு முறை பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு. கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள், உப்பும் மணலும் சென்சாரில் ஏறிவிடும். நான் வீட்டுத் திண்ணைக்குத் திரும்பி வந்து மாற்றினேன்.

இப்போது கம்ப்யூட்டர் வேலை. 100 எம்பிபிஎஸ் தரத்தில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு சுமார் 750 எம்பி, பத்து நிமிடத்துக்கு 7.5 ஜிபி இடம் பிடிக்கும். 32 ஜிபி கார்டில் ஒரே காட்சி பல பைல்களாக உடைந்திருந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் கார்டுகளின் பேட்32 அமைப்பில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. முழு போல்டரையும் ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்யுங்கள், பார்க்கும் வரை கார்டை அழிக்காதீர்கள். விஎல்சி பிளேயரில் திறந்து, சந்தேகமான இடத்தில் நிறுத்தி, ஈ கீயைத் தட்டினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். ஷிப்ட் + எஸ் தட்டினால் அந்தப் பிரேம் படமாக பிக்சர்ஸ் போல்டரில் சேரும். அதை 100 சதவீத அளவில் பாருங்கள். உண்மை தெரிந்துவிடும்.

பழைய டாகுமார்களில் சில மஞ்சளடிக்கும், அவற்றின் கண்ணாடியில் கலந்த தோரியத்தால் வருவது அது. என்னுடையதும் அப்படித்தான். வெள்ளைத் தாளைக் காட்டி ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியாக ஒயிட் பேலன்ஸ் வைத்தேன். மீதி வித்தியாசத்தை இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் சாப்ட்வேரில் சரிசெய்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா மறுபடி வந்து மானிட்டர் முன் உட்கார்ந்தார். ஒவ்வொரு நாரும் தெரிந்தது. கடைசி வரை பேசாமல் பார்த்தார். பிறகு, "முன்கட்டுக்கு முன்னாடி பின்கட்டை ஒட்டியிருக்க. அப்படிக் கட்டினா மரம் நிக்காது" என்றார். காட்சிகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.