விளாச்சேரி மண்பொம்மைத் தொழில்

விளாச்சேரி, மதுரை மாவட்டத்தில் திருப்பரங்குன்றத்திற்கு அருகே உள்ள ஊராகும். இங்கு வாழும் வேளார் எனப்படும் குயவர்கள் மண்பாண்டங்களுடன் நவராத்திரிக் கொலு பொம்மைகள், பிள்ளையார் சிலைகள், கிறித்துமசு குடில் பொம்மைகள் ஆகியவற்றையும் செய்கின்றனர்.

கண்மாய்க் களிமண்ணிலிருந்து கல், வேர் ஆகியவற்றை நீக்கி, நீர் விட்டு மிதித்துப் பதப்படுத்துவர். பானைகள் சக்கரத்தில் வனையப்படுகின்றன. பொம்மைகள் அச்சில் அழுத்தி எடுக்கப்படுகின்றன. உலர்ந்த பின் சூளையில் சுட்டு வண்ணம் தீட்டுவர். ஈரம் நீங்குமுன் சுட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பொம்மை வெடித்துவிடும்.

கொலு, குடில் பொம்மைகளின் விற்பனைக் காலத்தை ஒட்டியே வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. எனவே கோடையிலேயே பொம்மைகளைச் செய்து இருப்பு வைக்க வேண்டியுள்ளது. அதற்கு உரிய காலத்தில் களிமண் கிடைப்பது இன்றியமையாதது. மண்பாண்டத் தொழிலாளர்கள் வட்டாட்சியர் அனுமதியுடன் நீர்நிலைகளில் கட்டணமின்றி மண் எடுக்க 2024-இல் தமிழ்நாடு அரசு வழிசெய்தது.