சத்ரி போன தூரம்

பெங்களூரு பீன்யாவில் மழை சொல்லிக்கொண்டு வராது. மெட்ரோ படியில் இறங்குவதற்குள் சடசடவென்று பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் ஒதுங்கி நிற்கிற கன்னடத்து அஜ்ஜி (பாட்டி), "சத்ரி இல்வா?" என்று கேட்பார். சத்ரி என்றால் குடை. (கன்னடத்தில் 'கொடெ' என்றும் உண்டு. அது நம் குடைக்குக் கூடப்பிறந்தது.)

சத்ரியின் ச-வை 'பச்சை'யில் வருவதுபோல அழுத்திச் சொல்லவேண்டும். மூடுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சமஸ்கிருதச் சொல் அது. பாரசீகத்தில் இன்றும் குடைக்குப் பெயர் 'சத்ர்'. அதுதான் துருக்கிய மொழி பேசிய மேய்ச்சல்காரர்களிடம் போய் 'சத்திர்' ஆனது, பொருளும் கூடாரமாக மாறியது என்று மொழியறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். நடுவில் ஒரு கம்பு, மேலே விரித்த துணி. குடையைப் பத்துப் பேர் படுக்கிற அளவுக்குப் பெரிதாக்கினால் கூடாரம்தானே!

அவர்களிடமிருந்து ரஷ்யர்கள் வாங்கி 'ஷத்யோர்' என்றார்கள். செர்பியர்களுக்கு அது 'ஷாத்தோர்'. ச எப்படி ஷ ஆயிற்று? இப்போதே சொல்லிப் பாருங்கள். 'பச்சை' என்னும்போது நாக்கு மேலே ஒட்டி, காற்றை ஒரு கணம் அடைக்கிறது. 'ஷ' சொன்னால் அடைப்பே கிடையாது, காற்று சீறிக்கொண்டு போகும். அடைப்பை விட்டுவிடுவது நாக்குக்குச் சுலபம். நாமும் அதைத்தான் செய்கிறோம். 'பச்சை'யில் அழுத்துகிற அதே ச-வை, 'சட்டை' என்னும்போது எத்தனை பேர் அழுத்துகிறோம்?

சொல் போன அதே திசையில் பீன்யாவிலிருந்தும் ஒன்று போயிருக்கிறது: இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா. விஞ்ஞானி யு. ஆர். ராவ் தலைமையில், இங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட்டுகளில்தான் அதைச் செய்தார்கள். எடை 360 கிலோ, பட்டை தீட்டிய கல்போல 26 முகங்கள். தகவல் வாங்கும் அறைக்கு இடம் போதாமல் ஒரு கழிப்பறையையே மாற்றிக்கொண்டார்களாம். எனக்கு ராக்கெட்டைவிட இந்தக் கதைதான் பிடிக்கும்.

1975 ஏப்ரல் 19 அன்று, சோவியத் நாட்டின் கபூஸ்தின் யார் ஏவுதளத்திலிருந்து அது கிளம்பியது. வோல்கா நதியை ஒட்டிய புல்வெளிப் பக்கம் அது. ஒருகாலத்தில் கூடாரங்களோடு மேய்ச்சல்காரர்கள் திரிந்த சீமை. ஊர்ப் பெயரில் இருக்கிற 'யார்' கூடத் துருக்கியச் சொல்தான், செங்குத்தான கரை என்று பொருள்.

கசாக் மொழியும் துருக்கியக் குடும்பம்தான். அதில் கூடாரம் 'ஷத்திர்'. கசாக்ஸ்தான் தலைநகர் அஸ்தானாவில் 2010இல் திறந்த 150 மீட்டர் உயரக் கூடாரக் கட்டடத்துக்குப் பெயரே 'கான் ஷத்திர்'.

சரி, கசாக்கில் குடைக்கு என்ன பெயர்? 'கோல்ஷத்திர்'. கோல் என்றால் கை. கையில் பிடிக்கிற கூடாரம்!

அஜ்ஜியிடம் சொன்னேன். "அப்போ உன் கூடாரத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்," என்றார்.