ஹோர்ன் அடித்தால் மட்டும் போதுமா?



அஸருக்குப் பாங்கு சொல்லிச் சற்று நேரம் இருக்கும். எங்கள் ஒழுங்கையின் முனையில் நீளமாக ஒரு ஹோர்ன் சத்தம். அது ஓய்வதற்குள் 'டமார்' என்று இன்னொரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பாதையோரத்தில் விழுந்து கிடக்கிறார். பக்கத்திலே மோட்டார் சைக்கிள் சரிந்து கிடக்கிறது. அதை ஓட்டி வந்த அடுத்த வீட்டுப் பிள்ளை நடுங்கியபடி தன் உம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "நான் ஹோர்ன் அடிச்சேன்தானே உம்மா! அவர் விலகல்லியே!"

பெரியவருக்குக் காது மந்தம். அது ஊருக்கே தெரியும். அந்தப் பிள்ளைக்கும் தெரியும். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது. ஆனால் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஐந்து வேளையும் பள்ளிக்கு நடந்து போனவர் இன்று கட்டிலில் இருந்தபடி தொழுகிறார்.

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. ஹோர்ன் அடித்தது உண்மைதான். அடித்துவிட்டோம், இனி விலகுவது மற்றவர் பொறுப்பு என்று நம்பியதுதான் தவறு. நம் வீட்டு ஆண்களில் எத்தனை பேர் இதே நம்பிக்கையோடு பாதையில் போகிறார்கள்? ஸ்கூட்டரில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் நம்மில் எத்தனை பேர்?

கணக்குப் பார்ப்போம்

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடிக்கு 11 மீற்றர் தூரம் ஓடும். ஏறத்தாழ ஒரு பெரிய பஸ்ஸின் நீளம் அது. ஆபத்தைக் கண்டு நம் கை வேலை செய்யத் தொடங்கவே ஒரு விநாடி அளவில் போய்விடும். ஹோர்ன் சத்தம் கேட்பவருக்கும் அப்படித்தான். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, முன்னால் போவதா பின்னால் போவதா என்று அவர் முடிவெடுக்க இன்னும் ஒரு விநாடி வேண்டும். அதற்குள் வண்டி இரண்டு பஸ் நீளம் வந்துவிடும்.

அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெரி ஹேர்ட் என்பவரின் குழுவினர், லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்தார்கள். 1981இல் வெளிவந்த அவர்களின் அறிக்கை இரண்டு விடயங்களைச் சொன்னது. ஒன்று, விபத்தைத் தவிர்க்க ஓட்டுநருக்குப் பொதுவாகக் கிடைத்த நேரம் இரண்டு விநாடிக்கும் குறைவு. மற்றது, வேறொரு வாகனத்துடன் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், வழிவிட வேண்டிய மற்ற வாகனக்காரர் வழிவிடவில்லை. மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் படாததே அதற்கு முக்கிய காரணம்.

அந்த இரண்டு விநாடியை ஹோர்னுக்குக் கொடுப்பதா, பிரேக்குக்குக் கொடுப்பதா? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஹோர்ன் பொத்தான் இடது கைப்பிடியில், பெருவிரலுக்கு அருகே இருக்கிறது. கிளச் இல்லாத ஸ்கூட்டரில் பின்சில்லின் பிரேக்கும் அதே இடது கையில்தான். பெருவிரல் ஹோர்னைத் தேடும்போது பிரேக்கைப் பிடிக்க வேண்டிய கையின் பிடி தளர்ந்துவிடுகிறது.

யாருக்குக் கேட்காது?

கண்ணாடிகளை மூடி, ஏசியும் பாட்டும் போட்டுக்கொண்டு போகும் கார்க்காரருக்கு நமது சின்ன ஹோர்ன் சரியாகக் கேட்காது. இயந்திரம் இரையும் லொறிக்காரருக்கும் அப்படியே. காது மந்தமானவருக்குக் கேட்கவே கேட்காது. பந்தைத் துரத்தி ஓடிவரும் பிள்ளைக்குக் கேட்கும். ஆனால் அது திகைத்து நடுப்பாதையிலேயே நின்றுவிடும், அல்லது வந்த வழியே திரும்பி ஓடும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் சொல்லவே வேண்டியதில்லை.

அப்படியானால் ஹோர்ன் வேண்டாமா?

வேண்டும். நேரம் இருக்கும்போது அது நல்ல துணை. மஹியங்கனை 18 வளைவு போன்ற மலைப்பாதையில் எதிரே வருவது தெரியாத திருப்பத்துக்கு முன்னால், கேற்றிலிருந்து பின்னோக்கி வரும் வாகனத்தைக் காணும்போது, நிறுத்தியிருக்கும் காரின் கதவு திறக்கப்படலாம் என்று தோன்றும்போது, சுருக்கமாக ஒருமுறை அடிக்கலாம். அப்போதும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டே அடிக்க வேண்டும். அவர் கேட்டிருக்கமாட்டார் என்று எண்ணிக்கொண்டே ஓட்ட வேண்டும்.

விபத்தைத் தவிர்க்கும் எச்சரிக்கைக்காகவே ஹோர்ன். அதையும் தேவைக்கு மேல் நீட்டக்கூடாது என்பதே 1968ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையும் சொல்வது. கோபத்தைக் காட்டவோ, "நான் வருகிறேன், விலகு" என்று அதட்டவோ அது தரப்படவில்லை.

லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தை நினைத்துப் பாருங்கள். நடையில் நடுநிலை பேணும்படியும் குரலைத் தாழ்த்திக்கொள்ளும்படியும் அவர்கள் சொன்னதை அல்குர்ஆன் 31:19 நமக்கு எடுத்துக் கூறுகிறது. வேகம், சத்தம் இரண்டுக்கும் ஒரே வசனத்தில் கடிவாளம்! பாதையில் பிறருக்குத் தீங்கு செய்யாதிருப்பது பாதைக்குரிய கடமைகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்களும் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

வீட்டிலிருந்தே தொடங்குவோம்

1. "கெதியா வாங்க" என்று தொலைபேசியில் அவசரப்படுத்தாதீர்கள். வீட்டிலே பிறக்கும் அவசரம்தான் பாதையிலே ஹோர்னாக அலறுகிறது.

2. நோன்பு காலத்தில் மஃரிபுக்கு முந்திய அரைமணி நேரத்தில் பாதைகள் எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வெளியே போகிறவரின் பையில் நாலு பேரீச்சம்பழமும் ஒரு போத்தல் தண்ணீரும் வைத்து அனுப்புங்கள். பாங்கு சொன்னால் ஓரமாக நிறுத்தி நோன்பு திறக்கட்டும். கஞ்சி ஆறினால் சூடாக்கலாம்.

3. மகன் பெரிய சத்தமுள்ள ஹோர்ன் பூட்டக் காசு கேட்டால், அதே காசில் பிரேக்கையும் டயரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

4. மற்றவர் கண்ணில் படுவதே பெரிய பாதுகாப்பு. பகலிலும் முன்விளக்கு எரியட்டும். இரவில் வெளிர்நிற உடுப்பு நல்லது. கறுப்பு அபாயாவோடு ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகள் ஒளி தெறிக்கும் பட்டியொன்றை மேலே அணிந்துகொள்ளலாம்.

5. பள்ளி, பாடசாலை, வைத்தியசாலை அருகிலும் உங்கள் சொந்த ஒழுங்கையிலும் ஹோர்னை நம்பாமல் வேகத்தைக் குறையுங்கள்.

அடுத்த வீட்டு உம்மா முன்பெல்லாம் மகன் புறப்படும்போது வாசலில் நின்று, "முடக்குல ஹோர்ன் அடிச்சிட்டுப் போங்க மகன்" என்பார். இப்போதும் வாசலுக்கு வருகிறார். "முடக்குல மெதுவாப் போங்க மகன், ஆக்கள் வருவாங்க" என்கிறார்.

நாமும் இன்றிலிருந்து அப்படியே சொல்லி அனுப்புவோம். வீட்டை விட்டுப் போகிறவர்களையும் பாதையிலே நடப்பவர்களையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.