அணையும் கணினி, அழியும் நினைவுகள்

வீட்டுக் கணினி இயங்கத் தொடங்கிய சில நொடிகளில் தானே அணைந்தால், வைரஸ் என முடிவுகட்டி வன்தட்டை அழித்துவிடுவோர் பலர். பல்லாண்டுப் புகைப்படங்களும் ஆவணங்களும் அதோடு மறைகின்றன.

விண்டோஸ் திரை தோன்றும் முன்பே கணினி அணைந்தால், கோளாறு பெரும்பாலும் வன்பொருளில்தான் இருக்கும். செயலியின் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைக் கடந்தால், அது கருகாமலிருக்கக் கணினி தன்னை அணைத்துக்கொள்ளும். விசிறியில் படிந்த தூசும், செயலியின் மேல் உலர்ந்துபோன வெப்பக்கடத்திப் பசையும் இதற்குக் காரணமாகலாம். ஆறவைத்த பின் கூடுதல் நேரம் இயங்கினால் வெப்பத்தை ஐயுறலாம். எப்போதும் ஒரே கட்டத்தில் அணைந்தால் எஸ்எம்பிஎஸ், ராம், மதர்போர்டு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

மின்இணைப்பைத் துண்டித்துத் தூசு நீக்கலாம். ஆனால், எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கக் கூடாது. அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் எஞ்சியிருக்கும். எதைச் செய்வதாயினும், வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, கோப்புகளைப் பிரதியெடுப்பதே முதற்பணி.