கொரிடன் எந்த ஊர்ப் பிள்ளை?

அடிமை வாழ்வைப் பற்றி இளையோருக்கு நாவல் எழுத நினைப்பவர் அமெரிக்கப் பருத்தித் தோட்டத்துக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. இதை ஏ.எல். பிள்ளைகளிடம் சொன்னபோது, "நம்மட நாட்டிலயும் அடிமைகள் இருந்தாங்களா சேர்?" என்று கேட்டார்கள். கொழும்புக்குப் போனால் நாம் கடக்கிற கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலப் பெயரே நெடுங்காலமாக அடிமைத் தீவு என்றுதான் இருந்தது. ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடம் அது.

அதே கொம்பனி 1652இல் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தளம் போட்டது. 1656இல் கொழும்பைப் பிடித்தது. இரண்டுக்கும் இடையில் கப்பல் ஓடியது, கப்பலில் ஆட்களும் போனார்கள். போனவர்களுக்குச் சொந்தப் பெயர் மிஞ்சவில்லை. சிலருக்குப் பெப்ரவரி, செப்டெம்பர் என்று மாதப் பெயர்கள். சிலருக்குப் பழைய லத்தீன் கவிதைகளில் வரும் பெயர்கள். அதன் பின்னால் ஊர்.

அப்படி ஒருவர்தான் 'இலங்கையின் கொரிடன்'. கொரிடன் என்பது ரோமக் கவிஞர் வர்ஜிலின் ஆட்டிடையன் பெயர். உம்மா வாப்பா வைத்த பெயர் போய்விட்டது. 'இலங்கையின்' என்பதையும் அப்படியே நம்ப ஏலாது. அது பெரும்பாலும் கப்பலேறிய துறையைச் சொல்லும், பிறந்த மண்ணைச் சொல்லாது. சோழமண்டலக் கரையில் பிடிபட்டுக் கொழும்பில் கைமாறியவரும் இலங்கைக்காரராகவே பதிவாகலாம். எழுதுகிறவருக்கு நாவல் தொடங்கும் இடம் இதுதான் என்பேன்.

விடுதலை பெற்ற கொரிடன் 1794இல் கேப் டவுனின் டோர்ப் வீதியில் வளவொன்றை வாங்கினார். அங்கேதான் அவ்வல் பள்ளிவாசல் எழுந்தது; தென்னாபிரிக்காவின் முதற் பள்ளிவாசல். அதன் முதல் இமாம் துவான் குரு, தீதோர் தீவிலிருந்து நாடுகடத்தப்பட்டவர். சிறைத்தீவில் இருந்தபடி, மனனத்திலிருந்தே குர்ஆனை எழுதினார். வளவு பின்னர் கொரிடனின் மகள் சார்ச்சியிடம் வந்தது; பள்ளிவாசல் நிலைத்தது அவரால்தான்.

தப்பிப் பிழைத்தல் என்றால் ஓடி ஒளிவதையே நம்மட கதைகள் காட்டுகின்றன. இங்கே அது ஒரு காணி உறுதி, ஓர் ஓதற்பள்ளி, ஒரு மகள்.

ஆனால் எழுதுகிறவர் ஒன்றை மறைக்கக்கூடாது. கேப்பில் விடுதலையான முஸ்லிம்களில் சிலர் தாமும் அடிமைகளை வைத்திருந்தார்கள், துவான் குரு உட்பட. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வதென்று தயங்குகிறவர்கள் உண்டு. நான் சொன்னேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது, பிறகு ஒரு மகள், "அப்ப அந்த அடிமைட பேர் என்ன சேர்?" என்று கேட்டாள்.